பியாட்ரிஸ் டின்ஸ்லி அம்மையார்

வானவியலார் என்றதும் தொலைநோக்கியருகே அமர்ந்திருக்கும் தாடி வைத்த பெரியவர்தாம் நம் நினைவுக்கு வருகிறார். நாற்பதே ஆண்டுகள் வாழ்ந்து, விண்மீன் மண்டலங்களின் வரலாற்றைக் கணக்கிட்டுக் காட்டிய இந்தப் பெண்மணியைத் தோழியர் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள்.

அவர் 1941 சனவரி 27 அன்று இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தார். போருக்குப் பின் குடும்பம் நியூசிலாந்தில் குடியேறியது. வயலினும் கணக்கும் அவருக்கு ஒன்றுபோல் கைவந்தன. கிறைஸ்ட்சர்ச் நகரில் இயற்பியல் பயின்று, பிரையன் டின்ஸ்லியை மணந்து, 1963 இல் அமெரிக்காவின் டல்லஸ் நகருக்குச் சென்றார். அங்கே வேலை கணவருக்குத்தான் இருந்தது. இவரோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆஸ்டினுக்குப் போய் வந்து படித்து முனைவர் பட்டம் பெற்றார். விண்மீன்கள் பிறந்து மடிவதால் மண்டலங்களின் ஒளியும் நிறமும் காலப்போக்கில் மாறும் என்பதே அவர் ஆய்வின் சாரம்.

இரு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். ஆனால் டல்லஸில் நிலையான பதவி கிடைக்கவில்லை. 1974 இல் மணமுறிவு ஏற்பட்டது. பிள்ளைகளைத் தந்தையிடம் விட்டு, யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. அவரைக் குறை கூற மட்டும் மனம் வரவில்லை.

1977 இல் ரிச்சர்ட் லார்சனுடன் சேர்ந்து யேலில் ஒரு மாநாட்டை நடத்தினார். இரு சுருள் மண்டலங்கள் மோதி ஒன்றானால் என்னவாகும் என்பதை அங்கே ஆலார் டூம்ரே விளக்கினார். சுருள் மண்டலம் ஒரு தட்டு போன்றது. விண்மீன்கள் ஒரே திசையில் நடுவைச் சுற்றுகின்றன. நம் மைதானத்துக் கும்மி வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறுமி இடையில் ஓடி வந்தால் வட்டம் சற்றுக் கலைந்து மீண்டும் சுற்றும். அதே அளவுள்ள இன்னொரு வட்டமே வந்து மோதினால் ஆளுக்கொரு திசையில் சிதறிப் போவோம்! அப்படித்தான் சம அளவுள்ள இரு மண்டலங்கள் இணையும்போது பெரும்பாலும் சுழற்சியின் ஒழுங்கு குலைந்து, தட்டு முட்டை வடிவாகிறது. வாயு மிகுந்திருந்தால் மறுபடி தட்டு உருவாகவும் கூடும் என்று பின்னாளில் தெரிந்தது.

விண்மீன்களுக்கிடையே தூரம் மிக அதிகம். அதனால் அவை முட்டிக்கொள்வதில்லை. வாயுதான் மோதி நெருங்கிப் புது விண்மீன்களைப் பிறப்பிக்கிறது. 1978 இல் டின்ஸ்லியும் லார்சனும் உருக்குலைந்த மண்டலங்களின் நிறங்களை இயல்பான மண்டலங்களோடு ஒப்பிட்டு, மோதல் நடந்த இடங்களில் விண்மீன்கள் திடீரெனப் பெருகுவதைக் காட்டினர்.

அதே ஆண்டு யேலில் வானவியல் பேராசிரியரானார். அங்கு அப்பதவி பெற்ற முதற்பெண் அவரே. அந்த ஆண்டே புற்றுநோயும் கண்டது. வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் எழுதப் பழகினார். 1981 மார்ச் 23 அன்று காலமானார். அவருடைய கடைசிக் கட்டுரை அதன் பிறகே அச்சில் வந்தது.