அவையின் மாண்பு காத்த மாவலங்கர்

சட்டத்தை மீறும் குடிமக்களை நீதிமன்றம் விசாரிக்கிறது. சட்டம் இயற்றும் அவையின் உறுப்பினரே தம் பொறுப்பில் தவறினால் அவரை விசாரிப்பவர் யார்? விடுதலை பெற்ற இந்தியாவின் நாடாளுமன்றம் தன் தொடக்க ஆண்டுகளிலேயே இவ்வினாவை எதிர்கொண்டது. அப்போது அவைத்தலைவராக விளங்கியவர் கணேஷ் வாசுதேவ் மாவலங்கர்.

மாவலங்கர், 1888ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பரோடாவில் பிறந்தார். சட்டம் பயின்று அகமதாபாத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். காந்தியடிகளின் வழிநின்று விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார். சபர்மதி சிறையில் கொடுங்குற்றவாளிகள் என ஒதுக்கப்பட்டோருடன் பழகி, அவர்தம் வாழ்க்கையைக் கேட்டறிந்து குஜராத்தி மொழியில் நூலாக்கினார். குற்றம் சுமத்தப்பட்டோரும் மனிதரே என்னும் பரிவு அந்நூலில் வெளிப்பட்டது.

1937ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தின் தலைவரானார். 1946இல் மத்திய சட்டமன்றத் தலைவர் தேர்தலில் மூன்றே வாக்குகள் வேறுபாட்டில் வெற்றி பெற்றார். 1952இல் முதல் மக்களவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதற்கு முன்னர், இடைக்கால நாடாளுமன்றத்திற்கு அவர் தலைமையேற்றிருந்த 1951ஆம் ஆண்டில் அச்சோதனை வந்தது. எச்.ஜி. முத்கல் என்னும் உறுப்பினர், பம்பாய்த் தங்கம், வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் பெற்று, அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் செயல்பட முற்பட்டார் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பேசப்பட்ட தொகை 2,700 ரூபாய். தொகை சிறிதெனினும் மக்கள் அளித்த பொறுப்பு விலைபோனதா என்பதே வினா. முத்கல் தம் கட்சியைச் சேர்ந்தவராயினும், அவரை விசாரிக்கக் குழு அமைக்கும் தீர்மானத்தைப் பிரதமர் நேருவே கொண்டுவந்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு, அவ்வுறுப்பினரின் நடத்தை அவையின் கண்ணியத்திற்கு இழுக்கு என முடிவு செய்தது. தம் தரப்பை எடுத்துரைக்க அவருக்கு அவையில் வாய்ப்பளிக்கப்பட்டது. தீர்மானம் நிறைவேறுமுன் அவர் பதவி விலகினார். எனினும் அவர் வெளியேற்றப்படத் தக்கவரே என அவை பதிவு செய்தது. பதவி விலகல், தவற்றை மறைக்கும் திரையாகிவிடவில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின் மாவலங்கரே சோதனைக்குள்ளானார். அவர் நடுநிலை தவறினார் எனக் கூறி, அவரைப் பதவிநீக்கும் தீர்மானத்தை எதிர்க்கட்சியினர் 1954 டிசம்பரில் கொண்டுவந்தனர். விவாதத்தின்போது துணைத்தலைவர் அனந்தசயனம் அய்யங்கார் அவையை நடத்தினார். உறுப்பினர்கள் அவைத்தலைவரின் செயல்களை வெளிப்படையாக ஆராய்ந்தனர். இறுதியில் தீர்மானம் தோல்வியுற்றது. மாவலங்கர் தம் பணியைத் தொடர்ந்தார்.

அமைச்சர்கள் அவையில் அளிக்கும் உறுதிமொழிகள் நிறைவேறுகின்றனவா எனக் கண்காணிக்கும் குழுவும் அவர் காலத்தில் உருவானதே. அவைகூடாத காலத்தில் அரசு அவசரச் சட்டங்களைப் பிறப்பிப்பதை அவர் விரும்பவில்லை. அதனை நேருவுக்குக் கடிதவழி எடுத்துரைக்கவும் தயங்கவில்லை.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், பதவியில் இருந்தபோதே மாவலங்கர் மறைந்தார். உறுப்பினராயினும் அமைச்சராயினும் அவைத்தலைவராயினும், அவைக்குப் பதில்கூறக் கடமைப்பட்டவரே என்னும் மரபு அவர் காலத்தில் வேரூன்றியது. அம்மரபைக் காப்பது, வாக்களிக்கும் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.