சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். கோயம்புத்தூரில் கல்வி பயின்ற காலத்தில், தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, உடன் பயின்றோருடன் விளையாடாமல் ஒதுங்கியே இருந்தார். நெடுங்காலம் வகுப்பறையில் நின்று பழகிய எனக்கு, அன்னாரின் வாழ்வில் மனத்தை மிகவும் வருத்தும் செய்தி இதுவே.

1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். எப்பெயரைச் சொல்ல அஞ்சிப் பள்ளியில் ஒதுங்கினாரோ, அப்பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டார். வாக்குரிமை இல்லாத மக்களுக்கு அந்நாளில் கூட்டம், பத்திரிகை, மனு ஆகியவையே கருவிகள். சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசு கோரியபோது, உயர்சாதியாரிடமே அதிகாரம் குவியும் என்று கூறி, ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட எதிர்மனுவை இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். ஏன் நியமனம் என இளைஞர்கள் வினவலாம். 1919ஆம் ஆண்டுச் சட்டம் சொத்தும் வரியும் உடையோர்க்கே பெரும்பாலும் வாக்களித்தது. நம் மக்களுள் வாக்காளர் மிகச் சிலரே. நியமனம் பெற்றவர் நியமித்தவரை நோக்கியே நிற்கக்கூடும். தேர்தலில் வென்றவரோ வாக்காளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எனினும் சீனிவாசனார் நியமன இருக்கையில் அமர்ந்தே மக்கள் பிரதிநிதியாக நடந்துகொண்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் சட்டசபையில் நிறைவேறச் செய்தார். 1925இல் அது அரசிதழில் வெளிவந்தது. ஊர்வழக்கம் வேறு, சட்டம் வேறு என்பதை எழுத்தில் நாட்டிய செயல் அது. ஆயினும் அரசிதழில் திறந்த கிணறுகள் பல, ஊரில் நெடுங்காலம் மூடியே கிடந்தன.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் கலந்துகொண்டார். தனித்தொகுதி, கூட்டுத்தொகுதி என்ற வேறுபாட்டை இங்கே தெளிவாக உணர வேண்டும். தனித்தொகுதி முறையில் நம் பிரதிநிதியை நம் மக்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பர். கூட்டுத்தொகுதியில் இருக்கை நமக்கென ஒதுக்கப்பட்டாலும், வாக்களிப்போர் அனைத்துச் சாதியினரும் ஆவர். 1932இல் பிரிட்டிஷ் அரசின் தீர்ப்பு முன்னதை வழங்கியது. காந்தியடிகளின் உண்ணாநோன்பை அடுத்து, செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் பின்னதை ஏற்றது. சீனிவாசனாரும் அதில் கையொப்பமிட்டார். மாகாணச் சட்டசபை இருக்கைகள் 71லிருந்து 148 ஆயின. சென்னைக்கு 18 என்பது 30 ஆயிற்று. எண்ணிக்கை பெருகியது, ஆனால் நம் உறுப்பினர் பிறர் வாக்கையும் எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. இது இலாபமா இழப்பா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அந்நெருக்கடியில் வேறு வழி அரிது என்பதே என் கருத்து.

அன்னார் 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார். வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் நடந்தது 1951–52இல். நம் பூவிருந்தவல்லிச் சட்டமன்றத் தொகுதி 2011 தேர்தல் முதல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அதைத் தனித்தொகுதி என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும், அது பூனாவில் ஒப்புக்கொண்ட கூட்டுத்தொகுதியே ஆகும்.