தத்துவபோதகர்

தமிழகத்தில் தத்துவபோதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட்டு தெ நொபிலி, 1577-ஆம் ஆண்டு உரோமை நகரில் உயர்குடியிற் பிறந்தவர். சமயப் பணியை மேற்கொண்டு 1605-இல் கோவாவை அடைந்து, மறு ஆண்டு மதுரைக்கு வந்தார். அங்கு மக்கள் மேனாட்டாரைப் பறங்கியர் என்று ஒதுக்குதலைக் கண்டார். அவர்தம் ஊனும் மதுவுமே அதற்குப் பெரிதும் காரணம் என உணர்ந்து, அவற்றைக் கைவிட்டார். காவியுடுத்து, மரப்பாதுகை அணிந்து, மண்குடிசையில் வைகினார். சோறும் காய்கறியும் ஒருபொழுதே உண்டார். பிறந்த நாள்தொட்டுப் பழகிய உணவை விடுதல் எளிதன்று! தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் முயன்று கற்றார். உடன் பணியாற்றிய பாதிரியார் ஒருவரே, இவர் தம் நெறி பிறழ்ந்தார் எனக் குற்றஞ்சாட்டினார். வழக்கு உரோமை வரை சென்றது. 1623-இல்தான் இவர்க்குச் சார்பான தீர்ப்புப் பிறந்தது.

அவ்வாண்டிலேயே நொபிலி மதுரையினின்று வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் இவரை அன்புடன் வரவேற்றார். அடுத்துச் சேலத்தை அடைந்தபோதோ நிலைமை வேறாயிற்று. ஏறத்தாழப் பதினேழாண்டுகள் இந்நாட்டவராகவே வாழ்ந்திருந்தும், அவர்க்குத் தங்க இடந்தருவார் அவ்வூரில் இல்லை. காற்றும் பனியும் தடையின்றிப் புகும் சாவடியொன்றே உறைவிடமாயிற்று. ஆயினும், அவர் மதுரைக்கு மீளவில்லை. நாளடைவில் ஊரார் சிலர் அவரை நாடி வந்து உரையாடத் தொடங்கினர்.

முதுமையில் கண்ணொளி குன்றியது. அந்நிலையிலும் தாய்நாடு திரும்பாது, மயிலாப்பூரில் ஒரு குடிசையில் வாழ்ந்து, 1656-இல் காலமானார்.