யூரோலீக் கோப்பைக்கும் நம்ம ஊர் பி.டி. சாருக்கும் என்ன சம்பந்தம்? ஹாரி பக்கின் கதை

ஐரோப்பாவில் ஒரு கூடைப்பந்து கிளப் யூரோலீக் கோப்பையைத் தூக்கினால், கொஞ்ச நேரத்திலேயே அந்த வீடியோ ராஜபாளையத்தில் யாரோ ஒருவர் போனில் ஓட ஆரம்பித்துவிடும். கோடிக்கணக்கில் பணம் புழங்குகிற ஆட்டம் அது. ராஜபாளையத்திலோ பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, பள்ளி மைதானத்தில் விசிலோடு நிற்கிற பி.டி. சாருக்கும் அந்தக் கோப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு பாதைகளும் அமெரிக்காவில் ஒரே கல்லூரி வாசலில்தான் ஆரம்பிக்கின்றன. நம்ம பக்கம் வந்த பாதையைப் போட்டவர் ஹாரி குரோ பக்.

யார் இந்த பக்?

1884-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். படித்தது, ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் பயிற்சிக் கல்லூரியில். கூடைப்பந்து பிறந்ததே அங்கேதான். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடைந்து கிடந்த மாணவர்களுக்காக, 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில் மாட்டினார். 13 விதிகளையும் எழுதினார். இன்றைக்கும் வளையம் அதே 10 அடி உயரத்தில்தான் இருக்கிறது. 1895-ல் வாலிபாலை உருவாக்கிய வில்லியம் மோர்கனும் அதே கல்லூரியில் படித்தவர்.

பக் படிக்கப் போனபோது நெய்ஸ்மித் அங்கிருந்து கிளம்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தக் கல்லூரியின் அடிப்படை எண்ணம் மாறவில்லை: விளையாட்டும் ஒரு பாடம். அதைச் சொல்லிக் கொடுக்கவும் படித்த ஆசிரியர் வேண்டும்.

மெட்ராஸில் என்ன செய்தார்?

முதல் உலகப்போர் முடிந்த கையோடு, ஒய்.எம்.சி.ஏ. பணிக்காக பக் மெட்ராஸ் வந்தார். அன்றைக்கு நம்ம பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் 'டிரில்'தான். வரிசையாக நில், இடது, வலது என்று பட்டாளத்து பாணி. ஓய்வுபெற்ற சிப்பாய்கள் பலர் டிரில் மாஸ்டராக இருந்த காலம்.

பக் நினைத்திருந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் பத்துப் பேரைப் பொறுக்கி ஒரு டீம் கட்டியிருக்கலாம். கோப்பையும் பெயரும் சீக்கிரம் கிடைத்திருக்கும். அவர் டீம் கட்டவில்லை, வாத்தியார்களை உருவாக்கினார். 1920-ல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்காக ஆசியாவில் தொடங்கிய முதல் கல்லூரி என்று அதைச் சொல்வார்கள்.

ஒரே ஆட்டத்தை ஊருக்கு ஒரு விதமாக ஆடினால் போட்டி நடத்த முடியாது. அதனால் ஆட்ட விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார்.

ஒலிம்பிக் வரை போனவர்

1924 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த போட்டிகளில் இருந்து, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்தியத் தடகள வீரர்கள் தேர்வானார்கள். அந்த அணியை அழைத்துப் போன மேலாளர் பக். தடை ஓட்டத்தில் ஓடிய மெட்ராஸ்காரர் சி.கே. லக்ஷ்மணனும் அந்த அணியில் இருந்தார். தடகளத்தில் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது.

ஐரோப்பாவுக்குப் போன பாதை

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த இன்னொருவர் ரெனாட்டோ வில்லியம் ஜோன்ஸ், ரோமில் பிறந்தவர். 1932-ல் ஜெனீவாவில் எட்டு நாடுகள் சேர்ந்து சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவை ஆரம்பித்தபோது, அதன் பொதுச்செயலாளர் ஆனவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து நுழைந்தது. அதே 1936-ல்தான் இங்கே பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். 1958-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் கோப்பை ஆரம்பமானது. முதல் கோப்பையை லாட்வியாவின் ரிகா ஏ.எஸ்.கே. அணி வென்றது. இன்றைய யூரோலீக் அதன் தொடர்ச்சி.

ஐரோப்பாவில் இந்த ஆட்டத்தை வளர்த்தது கிளப். டிக்கெட், ஸ்பான்சர், டி.வி. என்று பணம் வந்தது. நம்ம ஊரில் இதைத் தூக்கிச் சுமந்தது பள்ளிக்கூடம். இந்தியாவில் ஆண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1934-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் சின்ன ஊர்ப் பையனுக்கு முதலில் பந்தைக் கையில் கொடுப்பவர் கிளப் கோச் இல்லை, பி.டி. சார்தான்.

பெரிய மைதானமும் இதற்குத் தேவையில்லை. கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம்ம கணக்கில் பத்து சென்ட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு பந்து இருந்தால் பத்துப் பேர் ஆடலாம்.

இப்போது ஏன் இந்தக் கதை?

பக் 1943-ல் காலமானார். தன் பெயரில் ஒரு சாம்பியன் அணியை அவர் விட்டுப் போகவில்லை. விட்டுப் போனது, வாத்தியாரை உருவாக்குகிற வாத்தியார்களை. டைம்டேபிளில் பி.டி. பீரியட் என்று ஒன்று இருப்பதற்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது.

அந்த பீரியட்டுக்கு என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் 'கடன்' வாங்குவார், திருப்பித் தரமாட்டார். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் கேட்கவே வேண்டாம். மார்க் முக்கியம்தான். ஆனால் பிள்ளைக்கு எந்த ஆட்டம் வரும் என்று கண்டுபிடிக்க ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஐரோப்பிய கிளப் எதுவும் வந்து நிற்கப் போவதில்லை. அதற்கு இருப்பது அந்த 40, 45 நிமிஷம்தான்.

அடுத்த தடவை யூரோலீக் ஹைலைட்ஸ் பார்த்து முடித்ததும், பள்ளியில் படிக்கிற தம்பியிடமோ தங்கச்சியிடமோ ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: இந்த வாரம் பி.டி. பீரியட் நடந்ததா?