ஒரு குளமும் ஒரு வழக்கும்

பள்ளியில் அந்தச் சிறுவனுக்குத் தாகம் எடுத்தால், தானே சென்று குழாயைத் திறக்க முடியாது. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட வேண்டும். பணியாள் வராத நாளில் தண்ணீரும் இல்லை. வகுப்பறையில் மற்ற மாணவர்களோடு சேர்ந்து உட்காரவும் அவனுக்கு அனுமதி இல்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த சாக்குத் துண்டை விரித்து, ஒரு மூலையில் தனியே அமர்ந்து பாடம் கேட்டான். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதியில் பிறந்ததே அதற்குக் காரணம். 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மத்திய இந்தியாவின் மாவ் படைமுகாமில் பிறந்த அச்சிறுவனின் பெயர் பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர்.

அம்பேத்கரை இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்தவராகவே உலகம் அறியும். அதற்கு முன்னர் அவர் பல ஆண்டுகள் வழக்கறிஞராகவும் சட்டப் பேராசிரியராகவும் உழைத்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நியூயார்க்கிலும் லண்டனிலும் உயர்கல்வி பயின்ற அவர், 1922இல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். அக்காலத்தில் உயர்நீதிமன்ற வழக்குகள் சொலிசிட்டர்கள் வழியாகவே பாரிஸ்டர்களிடம் வந்து சேரும். தீண்டத்தகாதவர் ஒருவரிடம் வழக்கைக் கொடுக்க அவர்களுள் பலர் முன்வரவில்லை. எனவே அவர் மாவட்ட நீதிமன்றங்களில் சிறு வழக்குகளை ஏற்று நடத்தினார். ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த பரேல் பகுதியில் இருந்த அவரது அலுவலகத்தைத் தேடி ஏழைகள் வந்தனர். போதாத வருமானத்தை ஈடுகட்டத் தனியார் பயிற்சிக் கழகம் ஒன்றில் வணிகச் சட்டம் கற்பித்தார்.

1926இல் அவருக்கு ஒரு பெரிய வழக்கு வந்தது. மறைந்த தலைவர்களைத் தாக்கி நூல் வெளியிட்டதற்காக, பிராமணர் அல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்த பாகடே, ஜெதே, ஜவல்கர் ஆகியோர் தண்டிக்கப்பட்டிருந்தனர். புனே நீதிமன்றத்தில் மேல்முறையீட்டில் வாதாடிய அம்பேத்கர் அவர்களை விடுவித்தார். எல்லா வழக்கிலும் அவர் வென்றுவிடவில்லை. குடும்பக் கட்டுப்பாடு பற்றித் துணிந்து எழுதிய இதழாசிரியர் ஆர். டி. கார்வேக்காக 1934இல் வாதாடித் தோற்றார். ஊரே வெறுத்த ஒருவருக்காக வாதாட அவர் முன்வந்ததே குறிப்பிடத்தக்கது.

ஆயினும், அவர் வாழ்வின் மிக நீண்ட வழக்கில் அவரே முதல் பிரதிவாதியாக நிற்க நேர்ந்தது.

பம்பாய்க்குத் தெற்கே மகாத் என்னும் சிற்றூரில் சவுதார் என்ற பொதுக்குளம் இருந்தது. பிற சமயத்தவர் அதில் நீர் எடுத்தனர், கால்நடைகளும் குடித்தன. தீண்டத்தகாதவர் மட்டும் கரையை நெருங்கக் கூடாது. பொதுக்குளங்களை அனைவரும் பயன்படுத்தலாம் என 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் அதனை ஏற்றது. ஆனால், தீர்மானம் தாளில்தான் இருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள், அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அக்குளத்து நீரைக் கையில் அள்ளிப் பருகினார். அன்றே அவருடன் வந்தவர்கள் தாக்கப்பட்டனர். பின்னர், 108 குடங்களில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து குளத்தில் ஊற்றி அதனைத் ‘தூய்மை’ செய்தனர். நகராட்சியும் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது.

அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் நீர் எடுக்க மக்கள் மகாத்தில் கூடினர். அதற்குள், குளம் தங்களுக்கே உரிய தனிச்சொத்து என்று சிலர் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டனர். தடையை மீறிச் சிறை செல்லவும் கூட்டத்தினர் ஆயத்தமாக இருந்தனர். அம்பேத்கர் அவர்களைத் தடுத்தார். நீதிமன்றத்தில் வெல்ல முடியும் என்று அவர் நம்பினார். சட்டம் தங்கள் பக்கம் இருக்கும்போது அதை மீறினால், எதிரிக்கே வாய்ப்பாகிவிடும் என்று கருதினார். தாகத்தோடு வந்தவர்களைத் தண்ணீர்க் கரையிலிருந்து திருப்பி அனுப்புவது எளிதான முடிவு அன்று. மக்கள் குளத்தைச் சுற்றி அமைதியாக ஊர்வலம் சென்று, ஒரு வாய் நீரும் பருகாமல் கலைந்தனர்.

அதன் பிறகு வழக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. குளம் தனிச்சொத்து என்பதை எதிர்த்தரப்பால் மெய்ப்பிக்க இயலவில்லை. தீண்டத்தகாதவரை விலக்குவது நினைவுக்கெட்டாக் காலம் தொட்டு வரும் வழக்கம் என்ற வாதமும் எடுபடவில்லை. 1931இல் மகாத் நீதிமன்றத்திலும் 1933இல் தாணே நீதிமன்றத்திலும் தோற்ற பின்னரும், அவர்கள் உயர்நீதிமன்றத்தை நாடினர்.

இதற்கிடையே, 1935இல் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். சாக்குத் துண்டில் அமர்ந்து படித்தவர், பெர்ரி சட்டவியல் பேராசிரியர் என்னும் உயரிய பதவியில் அமர்ந்து பாடம் நடத்தினார். அப்பதவியில் இருந்தபோதுதான், 1937 மார்ச் 17ஆம் நாள், உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழங்கியவர்களுள் ஒருவர் நீதிபதி புரூம்ஃபீல்டு. 1922இல் காந்தியடிகளுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தவரும் இவரே.

1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட அமைச்சரான அம்பேத்கர், அரசியலமைப்பு வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கைது செய்யப்பட்டவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளவும், 24 மணி நேரத்திற்குள் நீதிபதியின் முன் நிறுத்தப்படவும் வகைசெய்யும் 22ஆம் பிரிவை அவரே அவையில் முன்மொழிந்தார். இதே பாதுகாப்புகள் 1957இல் நடைமுறைக்கு வந்த நம் நாட்டு அரசியலமைப்பின் 5ஆம் பிரிவிலும் உள்ளன. அதனை வரைந்த ரீட் ஆணையத்தில் இந்திய நீதிபதி ஒருவரும் இடம்பெற்றிருந்தார்.

1950 ஜனவரி 26ஆம் நாள் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அம்பேத்கர் மறைந்தார். அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக்கூடாத பொது இடங்களைக் குறிப்பிடுகிறது. கடைகள், உணவகங்கள், சாலைகள் ஆகியவற்றோடு கிணறுகளும் குளங்களும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன.