தொரப்பள்ளி தந்த தூய வாழ்வு

கோயிலுக்குக் கலசம் அணி. மனிதனுக்கு வாய்மை அணி. கும்பாபிஷேகத்தின்போது புனித நீரால் விமானம் நனைவது போல, நாள்தோறும் செய்யும் சிறு செயல்களின் தூய்மையால் மனிதனுடைய உள்ளம் நனைதல் வேண்டும். அவ்வாறு வாழ முயன்ற பெரியார் ஒருவரை இந்த ஓசூர் மண்ணே ஈன்றது என்பது நமக்கெல்லாம் பெருமை தருவதாகும். அவரே சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். மக்கள் அன்புடன் அழைத்த பெயர் இராஜாஜி.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளிச் சிற்றூரில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். அந்நாளில் இவ்வூர் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தந்தையார் சக்கரவர்த்தி வேங்கடார்யர் கிராம முன்சீபாகப் பணியாற்றியவர், தாயார் சிங்காரம்மாள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இந்த எல்லைப்புறத்தில் வளர்ந்த சிறுவர், ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி பயின்று, சென்னையில் சட்டம் கற்று, 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

தொழில் செழித்தது. ஆயினும் செல்வம் அவரைப் பிணிக்கவில்லை. 1917-இல் சேலம் நகரசபைத் தலைவரானபோது, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அக்கிரகாரத்தில் குடிநீர்க் குழாய்ப் பணி செய்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் அவருடைய சொந்த வகுப்பினரே. உறவை எண்ணி அவர் முறையைத் தளர்த்தவில்லை. நீர் யாவர்க்கும் பொது என்ற நிலையிலேயே நின்றார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, ஒத்துழையாமை இயக்கத்தின்போது வக்கீல் தொழிலைத் துறந்தார். இத்துறவு பின்னர் ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. திருச்சானூர் ஆலயத்தினுள் தொழச் சென்ற தாழ்த்தப்பட்ட அன்பர் ஒருவர், அக்குற்றத்துக்காகவே தண்டிக்கப்பட்டார். நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை என்பது இராஜாஜியின் விரதம். விரதத்தைக் காப்பதா, ஏழைப் பக்தனைக் காப்பதா? தம் நல்ல பெயரைக் காக்கும் பொருட்டு ஒருவனைக் கைவிடுதல் அறமன்று என்று அவர் தெளிந்தார். ஊதியம் ஏதும் பெறாது முன்வந்து வாதாடினார். அன்பர் விடுதலை பெற்றார். விரதத்தின் எழுத்தினும் அதன் உயிரே பெரிதென்பதை அச்செயல் காட்டிற்று.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவி, மக்களைத் தம்முடன் அழைத்துச் சென்று அங்கே எளிய குடிலில் வாழ்ந்தார். அவருடைய மகள் இலக்குமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பியபோது, அவசரம் காட்டாது ஐந்து ஆண்டுகள் பிரிந்திருக்குமாறு இரு தந்தையரும் பணித்தனர். அன்பு நிலைத்தது, 1933-இல் சாதி வேற்றுமையைப் பொருட்படுத்தாது மணம் நடந்தது. மேடையில் கூறியதை மனையிலும் மேற்கொண்டார்.

1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மதுவினால் வரும் வருவாய் பெரிதாயினும், அது ஏழைக் குடும்பத்தின் கண்ணீர் என்று கருதி, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய விற்பனை வரி விதித்து, அதனால் எழுந்த குறைகூறலையும் ஏற்றார். 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தினுள் அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட அன்பர்களை அழைத்துச் சென்றபோது, அச்செயலுக்குச் சட்டத்தின் பாதுகாப்பைத் தேடித் தந்ததும் அவருடைய அரசே.

உண்மையென்று பட்டதைச் சொல்வதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1942-இல் தம் நெஞ்சுக்கு ஒவ்வாத போராட்டத்தில் சேர மறுத்துக் காங்கிரஸினின்றும் விலகினார்; நெடுநாள் நண்பர்களின் சினத்துக்கு ஆளானார். அவர் முடிவுகள் யாவும் சரியானவை என்று கூறுவதற்கில்லை. 1953-இல் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று பலர் கடுமையாக எதிர்த்தனர்; அடுத்த ஆண்டு அவர் முதலமைச்சர் பதவியினின்றும் விலகினார். பெரியோர்க்கும் தவறு நேரும். பதவிக்காக மனத்தை விற்காமையே அவரிடம் நாம் கற்க வேண்டுவது.

1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கியவர், 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். ஆயினும் தம் பணிகளுள் இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் எளிய தமிழில் எழுதியதையே அவர் உயர்வாகக் கருதினார். 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்படவிருந்தபோது, தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும் முதலமைச்சரை நேரில் கண்டு வேண்டினார். வேண்டுகோள் பலிக்கவில்லை, கடமை மட்டும் நிறைவேறிற்று. 1972 டிசம்பர் 25-ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

இன்று ஓசூரைச் சுற்றிலும் ஆலைகள் பெருகியுள்ளன. எடையிலும் கணக்கிலும், கூலியிலும் வாக்கிலும் நேர்மை தவறுவதற்கான வாய்ப்புகளும் பெருகியுள்ளன. ஆலயத்துக்கு அளிக்கும் பொருள் எவ்வளவு என்பதினும், அது எவ்வழி வந்தது என்பதே இறைவன் திருமுன் பெரிது. தொழிலாளிக்கு உரிய கூலியைக் குறையாது அளித்த கையினின்றும் வரும் ஒரு காசும் பொற்கலசத்துக்கு ஒப்பாகும். தொரப்பள்ளியில் அப்பெரியார் பிறந்த எளிய இல்லம் நினைவில்லமாக இன்றும் நிற்கிறது. கோபுர தரிசனம் செய்து திரும்பும் அன்பர்கள் அவ்வில்லத்தையும் ஒருமுறை கண்டு, அகத்தூய்மையும் பெற்று உய்வார்களாக!