பார்வை போன பின்னும் பானை வனைந்த நாம்பேயோ

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வறண்ட பூமியின் நடுவே மேசை போல உச்சி தட்டையான ஒரு குன்று. அதன் மேல் ஹானோ என்ற சிற்றூர். ரியோ கிராண்டே ஆற்றுப் பக்கத்திலிருந்து ஸ்பானியருக்குத் தப்பி வந்த டேவா இனத்தார், 1700-ஐ ஒட்டி ஹோப்பி மக்களிடையே குடியேறிய இடம் அது. பிழைக்க வந்த இடத்திலும் தாய்மொழியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள்.

அவ்வூரில் 1860-ஐ ஒட்டிப் பிறந்தவர் நாம்பேயோ. தாய் டேவா, தந்தை ஹோப்பி. பக்கத்து ஊரான வால்பியில் தந்தைவழிப் பாட்டியிடம் மண்வேலை கற்றார். குயவர் சக்கரம் அங்கே கிடையாது. மண்ணைத் திரியாக உருட்டிச் சுருள் சுருளாக அடுக்கி, சுரைக்குடுக்கைத் துண்டால் வழித்து, கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். யூக்கா இலையை மென்று நாராக்கினால் அதுதான் தூரிகை. ஆட்டுப் புழுக்கை மூட்டத்தில் வெட்டவெளியில் சுடுவார்கள்.

அந்நாளில் பானை மீது வெள்ளை மண் குழம்பு பூசுவது வழக்கம். சுட்டதும் அது மெல்லிய வெடிப்பு விடும். ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாழான சிக்யாத்கி என்ற ஊரின் மேட்டில், இறகும் அலகுமாகப் பறவைச் சித்திரம் தீட்டிய மஞ்சள் ஓடுகள் சிதறிக் கிடந்தன. எத்தனையோ பேர் மிதித்துப் போன ஓடுகள்! நாம்பேயோ குனிந்து எடுத்தார். பூச்சை விட்டு மண்ணையே மெருகேற்றினார். பழைய சித்திரங்களை அப்படியே நகல் எடுக்காமல், தம் போக்கில் வளைத்து வரைந்தார்.

1895-ல் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் அந்த மேட்டைத் தோண்டினார். நாம்பேயோவின் கணவர் லெசூ அங்கே வேலை பார்த்ததாகச் சொல்வார்கள். அந்த அகழ்வுதான் இவருக்கு வழி காட்டியது என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். அதற்கு முன்பே இவர் பழைய பாணியைக் கையாளத் தொடங்கிவிட்டார் என்பது பின்னால் தெளிவாயிற்று. குன்றின் மேல் இருந்த பெண்ணின் உழைப்புக்குப் படித்தவரின் பெயரைச் சூட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது, பாருங்கள்!

1905-லும் 1907-லும் கிராண்ட் கேன்யனில் பயணிகள் முன் அமர்ந்து வனைந்தார். 1910-ல் சிகாகோ கண்காட்சிக்கும் போனார். எழுத்தறியாதவர்; பானையில் பெயர் பொறித்ததில்லை.

கண்நோயால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. விரலால் தடவியே வனைந்தார். ஆனி, நெல்லி, ஃபேனி என்ற மகள்கள் சித்திரம் தீட்டினர். 1942-ல் காலமானார். பேத்திகள், அவர்கள் பிள்ளைகள் என இன்றும் அவ்வீட்டில் மண்வேலை நடக்கிறது. மெல்லிய கோடுகளை நெருக்கி நிரப்பி, பானையைச் சுற்றி அலை போல் ஓடும் ஒரு சித்திரம் அக்குடும்பத்தின் அடையாளம். அதற்குக் குடிபெயர்வு என்று பெயர்.